கைக்கடிகாரம்: விலைச்சீட்டில் எழுதாத விலை

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறை. புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே கடையில் இரண்டு மாதம் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி இல்லாமல் ஓடும் கைக்கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. ஈப்போ நகரத்துக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. இரண்டும் 600 ரிங்கிட். இரண்டும் பளபளக்கின்றன. ஒன்றின் முகப்பில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். மற்றொன்றில் ஏதோ ஐரோப்பிய ஊரின் பெயரைப்போல் ஒலிக்கும், யாரும் கேள்விப்படாத பெயர். இவற்றில் எது மலிவு?

"இரண்டும் ஒரே விலைதானே!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் பத்து ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், ஒன்றுக்கு ஆன செலவு மற்றொன்றுக்கு ஆனதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கலாம். அந்த வேறுபாடு விலைச்சீட்டில் தெரியாது. கடிகாரத்தின் பின்மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. மாணவர்களே, இந்த வாரம் அந்த மூடியைக் கழற்றிப் பார்ப்போம்.

சாவி கொடுத்தால் என்ன நடக்கிறது?

இயந்திரக் கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள திருகைச் சுற்றுவதைச் 'சாவி கொடுப்பது' என்கிறோம். அப்போது உள்ளே ஒரு சின்னஞ்சிறு பீப்பாய்க்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இறுகிச் சுருள்கிறது. உங்கள் விரல் செய்த வேலை அந்தச் சுருளில் நிலைச்சக்தியாகச் சேமிக்கப்படுகிறது. சுருள் மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் வரிசையாகச் சுழன்று முள்களை நகர்த்துகின்றன. தானியங்கிக் கடிகாரத்தில் சாவி கொடுக்கும் வேலையை உங்கள் கை அசைவே செய்துவிடும். உள்ளே அரைவட்ட வடிவில் ஓர் எடை இருக்கிறது. கை அசையும்போது அது சுழன்று சுருளை இறுக்குகிறது.

சுருளைத் தடையில்லாமல் விட்டால் சேர்த்த சக்தியெல்லாம் சில நொடிகளில் தீர்ந்துவிடும். முள்கள் பம்பரமாய்ச் சுற்றி நின்றுபோகும். அதைத் தடுக்க ஒரு காவல்காரர் வேண்டும். பேலன்ஸ் சக்கரம்தான் அந்தக் காவல்காரர். தலைமுடிபோல் மெல்லிய ஒரு மயிர்ச்சுருள் அதனுடன் இணைந்திருக்கிறது. ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடுவதுபோல், இந்தச் சக்கரம் ஒரு பக்கமும் மறு பக்கமும் மாறி மாறித் திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு சிறு கவையைத் தட்டுகிறது. கவை விலகி, பற்சக்கரத்தை ஓர் அடி மட்டும் நகரவிட்டு, மீண்டும் பிடித்துக்கொள்கிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை, அந்தப் பிடித்தல் விடுதலின் ஓசைதான்.

பழைய சாவிக் கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 தட்டுகள், அதாவது நொடிக்கு 5. இன்றைய தானியங்கிகள் பலவற்றில் மணிக்கு 21,600 அல்லது 28,800. மணிக்கு 21,600 என்றால் ஒரு நாளைக்கு 518,400 தட்டுகள். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 189 மில்லியன்! உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் இயந்திரம் இரவிலாவது ஓய்வெடுக்கும். கடிகாரத்துக்கு அதுவும் இல்லை.

கச்சாங் பூத்தே எண்ணெயும் கடிகார எண்ணெயும்

இத்தனை மில்லியன் முறை உராயும் பாகங்கள் தேய்ந்துபோகாமல் இருப்பது எப்படி? இரண்டு பொருள்கள் அவற்றைக் காக்கின்றன. முதலாவது, 'கல்' என்று கடிகாரக்காரர்கள் சொல்லும் செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சு முனைகள் இந்தக் கற்களில் உள்ள துளைகளில் சுழல்கின்றன. மாணிக்கம் எஃகைவிடக் கடினமானது. அதை வழுவழுப்பாக மெருகேற்றவும் முடியும். அதனால் உராய்வும் தேய்மானமும் குறைகின்றன. இரண்டாவது பொருள் எண்ணெய். ஒவ்வோர் அச்சிலும் வைக்கப்படும் எண்ணெய் ஊசிமுனை அளவுதான் இருக்கும்.

புந்தோங்கில் முறுக்கும் கடலையும் பொரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பலமுறை காய்ந்தால் கறுத்துத் தடித்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும் அதன் மூலக்கூறுகளை மாற்றிவிடுகின்றன. கடிகாரத்தில் அடுப்பு இல்லை. ஆனால் எண்ணெயின் அளவோ மிகக் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது, காய்கிறது, அல்லது இருக்கவேண்டிய இடத்தைவிட்டு ஓடிப்போகிறது. உலோகத் துகள்களும் அதில் சேர்ந்தால், உராய்வைக் குறைக்க வைத்த எண்ணெயே மணல்தாள்போல் தேய்க்கத் தொடங்கிவிடும்.

அதனால்தான் சர்வீஸ் தேவைப்படுகிறது. கடிகாரக்காரர் எல்லாப் பாகங்களையும் கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, புது எண்ணெய் வைத்து, மீண்டும் பூட்டி, நேரத்தைச் சரிசெய்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாகங்களைக் கையாளும் வேலை இது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். சில விலையுயர்ந்த நிறுவனங்கள் ஏறத்தாழ 10 ஆண்டு என்கின்றன. ஆகவே இயந்திரக் கடிகாரம் வாங்குகிறவர், அதை வைத்திருக்கும் காலம் முழுவதும் ஒரு செலவை ஏற்றுக்கொள்கிறார். அந்தச் செலவு எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே ஓரளவு கணிக்கலாம்.

பெயரைப் பார்க்காதீர்கள், மிஷினைக் கேளுங்கள்

முகப்பில் உள்ள பெயரும் உள்ளே ஓடும் இயந்திரமும் ஒரே இடத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. உலகில் எத்தனையோ நிறுவனங்கள் வேறொருவர் செய்த இயந்திரத்தை வாங்கி, தங்கள் கூட்டுக்குள் பொருத்தி, தங்கள் பெயரை எழுதி விற்கின்றன. கடைக்காரர்கள் இந்த உள் இயந்திரத்தை 'மூவ்மெண்ட்' என்பார்கள். பழுதுபார்ப்பவர்கள் சுருக்கமாக 'மிஷின்' என்பார்கள். சர்வீஸ் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மிஷின்தான்.

ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1963-இல் 'சீக்கோ 5' வகையை அறிமுகப்படுத்தியது. தானியங்கி, ஒரே சன்னலில் கிழமையும் தேதியும், நீர் புகாமை, நாலு மணி இடத்தில் உள்ளடங்கிய திருகு, உறுதியான கூடும் வாரும் என்ற ஐந்து அம்சங்களைத்தான் அந்த '5' குறிக்கிறது. பின்னாளில் இந்த வகையில் பல ஆண்டுகள் ஓடிய மிஷின் 7எஸ்26. அதில் கையால் சாவி கொடுக்க முடியாது. நேரம் வைக்கும்போது நொடிமுள்ளை நிறுத்தவும் முடியாது. ஆனால் எளிமையானது, உறுதியானது, மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பழைய சீக்கோ 5 கிடைத்தால் முகப்பின் அடிவிளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சிலவற்றில் மிகச் சிறிய எழுத்தில் 'மலேசியா' என்று அச்சிட்டிருக்கும்!

அதற்குப் பின் வந்த 4ஆர்36 மிஷினில் கையாலும் சாவி கொடுக்கலாம், நொடிமுள்ளையும் நிறுத்தலாம். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த என்.எச்.35, என்.எச்.36 மிஷின்களை சீக்கோ மற்ற நிறுவனங்களுக்கும் விற்கிறது. சிட்டிசன் குழுமத்தின் மியோத்தா 8215 மிஷினும் இப்படியே பல பெயர்களுக்குள் ஓடுகிறது. சுவிட்சர்லாந்தில் இ.டி.ஏ. 2824 என்ற மிஷினும், அதைப் பெருமளவு ஒத்த செலித்தா எஸ்.டபிள்யூ.200 மிஷினும் இதே இடத்தைப் பிடித்திருக்கின்றன.

பரவலான மிஷினால் உங்களுக்கு மூன்று நன்மைகள் உண்டு. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். அதைப் பலமுறை கழற்றிப் பூட்டிய கை அனுபவம் பல கடிகாரக்காரர்களிடம் இருக்கும். ஒரு கடையில் அதிக விலை சொன்னால் நீங்கள் அடுத்த கடைக்குப் போகலாம். என்.எச்.35 போன்ற மலிவான மிஷின்களில் இன்னொரு வசதியும் உண்டு. முழுதாகக் கழற்றிச் சர்வீஸ் செய்வதைவிட, புது மிஷினையே வாங்கி மாற்றுவது சில வேளைகளில் மலிவாக முடியும்.

அரிதான மிஷின் என்றால் நிலைமை தலைகீழ். உதிரிபாகம் தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்கும். சில நிறுவனங்கள் வெளியாருக்கு உதிரிபாகம் விற்பதே இல்லை. அப்போது அவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

பாகங்கள் கூடினாலும் செலவு கூடும். முகப்பில் மூன்று சிறு வட்டங்களும் பக்கத்தில் இரண்டு பொத்தான்களும் கொண்ட நிறுத்து கடிகாரம் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். அது இயந்திர வகையாக இருந்தால் உள்ளே பாகங்கள் மிக அதிகம். அதைச் சர்வீஸ் செய்ய நேரமும் திறமையும் கூடுதலாக வேண்டும். மணி, நிமிடம், நொடி, தேதி காட்டும் எளிய கடிகாரமே முதல் முறை வாங்குகிறவருக்கு ஏற்றது.

எச்.எம்.டி. சொல்லும் பாடம்

பரவலான மிஷினின் பலம் என்ன என்பதற்கு இந்தியாவின் எச்.எம்.டி. கடிகாரங்கள் நல்ல சான்று. எச்.எம்.டி. என்பது இந்திய அரசு 1953-இல் தொடங்கிய இயந்திரக் கருவித் தொழிற்சாலை. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 'ஜனதா', 'சோனா', 'பைலட்' போன்ற அதன் சாவிக் கடிகாரங்கள் இந்தியா முழுவதும் நடுத்தரக் குடும்பங்களின் கைகளில் ஏறின. முகப்புகள் பலவிதமாக இருந்தாலும், இவற்றில் பலவற்றுக்குள் ஓடியது 17 கல் வைத்த ஒரே குடும்பத்து மிஷின்தான்.

பின்னர் காற்று மாறியது. 1969 டிசம்பர் 25-இல் சீக்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் அந்தத் தொழில்நுட்பம் சில ஆண்டுகளிலேயே மலிவாகிவிட்டது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்தன. டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்களை அழகான வடிவங்களில் கொடுத்தது. எச்.எம்.டி. மெல்லப் பின்தங்கியது. 2016-இல் இந்திய அமைச்சரவை எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது.

நிறுவனம் போனபின்பும் கடிகாரங்கள் போகவில்லை. ஒரே குடும்பத்து மிஷின் அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் செய்யப்பட்டதால், பழுதான ஒரு கடிகாரத்தின் சக்கரத்தை எடுத்து இன்னொன்றை ஓடவைக்க முடிகிறது. நன்கு பராமரித்த அசல் எச்.எம்.டி.க்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் மதிப்பு உண்டு. குறைந்த விலைக்கு விற்ற ஒரு கடிகாரம், செய்தவர்கள் மறைந்த பின்னும் வாழ்கிறது என்றால் அதற்குக் காரணம் விளம்பரம் அன்று. பாகமும், பழுதுபார்க்கத் தெரிந்த கையும் கிடைப்பதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேவை கூடியதும், பழைய எச்.எம்.டி. மிஷினுக்கு மேல் புதிதாக அச்சடித்த முகப்பை ஒட்டி 'பழைய அசல்' என்று விற்பவர்களும் கிளம்பினார்கள். எச்.எம்.டி. ஒருபோதும் செய்யாத வண்ணங்களில் கூட இவை கிடைக்கின்றன. அவை ஓடும், ஆனால் மறுவிற்பனையில் அசலின் மதிப்பு அவற்றுக்கு இருக்காது.

விற்கும்போது என்ன கிடைக்கும்?

புதுக் கடிகாரம் கடையைவிட்டு வெளியே வந்ததும் 'பழைய கடிகாரம்' ஆகிவிடுகிறது. பெரும்பாலான கடிகாரங்களின் விலை முதல் சில ஆண்டுகளில் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது, நாளை அதை வாங்க எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான். பலருக்குத் தெரிந்த பெயர், எளிதில் சர்வீஸ் செய்யக்கூடிய மிஷின், கீறலில்லாத கூடு, பெட்டி, உத்தரவாத அட்டை, வாங்கிய ரசீது ஆகிய எல்லாம் இருந்தால் வாங்குகிறவரின் பயம் குறையும். பயம் குறைந்தால் விலை நிற்கும்.

இப்போது அந்த இரண்டு 600 ரிங்கிட் கடிகாரங்களுக்கும் ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இவை உண்மைச் சந்தை விலைகள் அல்ல. கணக்கிடும் முறையைக் காட்டவே இந்த எண்கள்.

முதல் கடிகாரம்: பத்து ஆண்டில் இரண்டு சர்வீஸ், ஒவ்வொன்றும் 150 ரிங்கிட். கடைசியில் 350 ரிங்கிட்டுக்கு விற்கிறீர்கள். 600 + 300 – 350 = 550 ரிங்கிட். ஆண்டுக்கு 55 ரிங்கிட்.

இரண்டாம் கடிகாரம்: அரிதான மிஷின் என்பதால் சர்வீஸ் ஒவ்வொன்றும் 400 ரிங்கிட். பெயர் தெரியாததால் 100 ரிங்கிட்டுக்குத்தான் விலைபோகிறது. 600 + 800 – 100 = 1,300 ரிங்கிட். ஆண்டுக்கு 130 ரிங்கிட்.

இதை ஒரு சூத்திரமாக நினைவில் வையுங்கள்: வாங்கிய விலையோடு சர்வீஸ் செலவைக் கூட்டி, விற்ற விலையைக் கழித்து, வைத்திருந்த ஆண்டுகளால் வகுக்க வேண்டும். அதுதான் கடிகாரத்தின் உண்மையான ஆண்டு விலை. மோட்டார் சைக்கிள், கைப்பேசி, மடிக்கணினி எதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

"கடிகாரம் நல்ல முதலீடு, வாங்கி வைத்தால் விலை ஏறும்" என்று விளம்பரங்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சில ரோலக்ஸ் வகைகள் கடை விலையைவிட உயர்ந்த விலைக்குக் கைமாறியது உண்மை. ஆனால் 2022-இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட அந்தச் சந்தை பின்னர் இறங்கியதும் உண்மை. ஏறியதைப் பார்த்து உச்சத்தில் வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். தவணையில் கடன் வாங்கிக் கடிகாரம் வாங்குகிறவர் வட்டியையும் மேலே சொன்ன சூத்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அணிந்து மகிழத்தான் கடிகாரம் வாங்குகிறோம். விற்கும்போது கிடைப்பது நட்டத்தைக் குறைக்கும் தொகை மட்டுமே.

நம் ஊர் வெயிலும் வியர்வையும்

பேராக்கின் வெப்பமும் ஈரமும் கடிகாரத்துக்கு எதிரிகள். பின்மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. நம் தோட்டங்களில் பால்மரம் கொடுத்த இயற்கை ரப்பர் அன்று. பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனால் எல்லா ரப்பரையும்போல் அதுவும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். அதன் வழியே ஈரம் நுழைந்தால் எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும், முகப்பில் புள்ளிகள் விழும். அப்புறம் சர்வீஸ் செலவு பல மடங்காகும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளையத்தைப் பார்த்து, தேவையானால் மாற்றச் சொல்லுங்கள். அது மிகச் சிறிய செலவு.

'30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளில்லை. ஆய்வுக்கூடத்தில் அசையாத நிலையில் தாங்கும் அழுத்தத்தையே அது குறிக்கிறது. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது போதும். நீந்த வேண்டுமானால் 100 மீட்டர் என்று எழுதியதைத் தேடுங்கள்.

காந்தமும் ஒரு வம்பு. ஒலிபெருக்கி, காந்த மூடியுள்ள கைப்பேசி உறை ஆகியவற்றின் அருகில் வைத்தால் மயிர்ச்சுருள் காந்தமேறி, அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடுவதால் பேலன்ஸ் வேகமாக ஆடும். கடிகாரம் நாளுக்குச் சில நிமிடங்கள்கூட முந்தி ஓடலாம். முழு சர்வீஸுக்குப் பணம் கொடுக்கும் முன், "காந்தம் ஏறியிருக்கிறதா, பாருங்கள்" என்று கேளுங்கள். காந்தத்தை நீக்குவது ஒரு நிமிட வேலை.

தாத்தாவின் கடிகாரம்

சில வீடுகளில் தோட்டத்துக் காலத்தில் பாட்டியோ தாத்தாவோ அணிந்த சாவிக் கடிகாரம் ஒன்று அலமாரியில் நின்றுபோய்க் கிடக்கும். பெரட்டு மணிக்குத் தவறாமல் போக உதவிய கடிகாரமாகக்கூட அது இருக்கலாம். அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் முன் ஒரு கடிகாரக்காரரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ந்ததால் மட்டும் நின்றிருந்தால், ஒரு சர்வீஸ் அதற்கு உயிர் கொடுக்கும். அது ஓடும் என்று தெரிந்துகொண்டு விற்பது வேறு, தெரியாமல் விற்பது வேறு. அதுவரை விடாப்பிடியாகச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சு முனைகள் தேயும். பழைய முகப்பைப் புதிதுபோல் பூசவும் வேண்டாம். சேகரிப்பாளர்கள் கறை படிந்த அசல் முகப்பையே பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய சில கடிகாரங்களில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். இன்று அவை ஒளிராமல் இருக்கலாம். ஒளியைத் தரும் துத்தநாகச் சேர்மம் களைத்துப்போனதே அதற்குக் காரணம். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆகவே கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. மூடிய கடிகாரத்தைவிட, உதிரும் வண்ணத் தூளை மூச்சில் இழுப்பதே பெரிய ஆபத்து. பழைய கடிகாரத்தை நீங்களாகத் திறக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. உள்ளே இருக்கும் மிஷினின் பெயர், எண் என்ன? "நல்ல ஜப்பான் மிஷின்" என்பது பதில் ஆகாது. எண் வேண்டும்.

2. இந்த மிஷினை ஈப்போவில் யார் சர்வீஸ் செய்கிறார்கள்? எவ்வளவு கேட்பார்கள்? வாங்கும் முன்பே, பழைய கடைத்தெருவின் அஞ்சடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரரிடம் கேளுங்கள். "இந்த மிஷினா, கொண்டு வா தம்பி, பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது.

3. இதே வகை, பழையதாக என்ன விலைக்குப் போகிறது? விற்பவர் கேட்கும் விலை வேறு, கடைசியில் கைமாறும் விலை வேறு. இரண்டாவதுதான் உண்மை.

4. பழையது வாங்கினால், கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள்? ரசீது இல்லையென்றால் சர்வீஸ் செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

5. கல்லின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எளிய சாவிக் கடிகாரத்துக்கு 17 கல் போதும். உராய்வே இல்லாத இடங்களில் கல் பதித்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டிய நிறுவனங்களும் ஒரு காலத்தில் இருந்தன.

குவார்ட்ஸ் போதாதா?

துல்லியம் மட்டும் வேண்டுமானால் தாராளமாகப் போதும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. மின்சுற்று அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஏறத்தாழ 15 நொடிதான் பிழை செய்யும். சீக்கோவின் 4ஆர்36 மிஷினுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையோ, நாளொன்றுக்கு 45 நொடி முந்துவதிலிருந்து 35 நொடி பிந்துவதுவரை.

ஆனாலும் இயந்திரத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஒரு நாளில் 86,400 நொடிகள். அதில் 45 நொடிப் பிழை என்பது ஏறத்தாழ 0.05 விழுக்காடு. 100 மீட்டர் ஓடுதளத்தை அளந்து 5 சென்டிமீட்டர் தவறுவதற்குச் சமம். பேட்டரியும் மின்சுற்றும் இல்லாமல், ஒரு சுருளும் சில சக்கரங்களும் மட்டுமே இதைச் செய்கின்றன.

நீண்ட காலம் பழுதுபார்க்க முடியும் என்பது இயந்திரத்தின் பெரிய பலம். நம் பேராக்கிலேயே தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் இருக்கிறது. 1885-இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் கடிகாரம் லண்டனின் ஜே. டபிள்யூ. பென்சன் நிறுவனம் செய்தது. அது இன்றும் மணி காட்டுகிறது. கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு கையும், செய்துகொள்ளக்கூடிய பாகமும் இருக்கும்வரை இயந்திரத்துக்கு வயதாவதில்லை. நீங்கள் வாங்கப்போகும் சிறிய கடிகாரத்துக்கும் அதே விதிதான்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள இயந்திரக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, காலை 7 மணிக்கு எத்தனை நொடி வேறுபாடு என்று குறித்துவையுங்கள். மறுநாள் காலை 7 மணிக்கு மீண்டும் பாருங்கள். இரண்டு வேறுபாடுகளுக்கும் இடையே உள்ள மாற்றம்தான் கடிகாரத்தின் ஒரு நாள் பிழை. இதை ஏழு நாள் செய்து அட்டவணையிடுங்கள். பிறகு இரவில் முகப்பு மேலே பார்க்கும்படி வைத்து மூன்று நாள், திருகு கீழே பார்க்கும்படி வைத்து மூன்று நாள் சோதியுங்கள். வைக்கும் நிலை மாறினால் பிழையும் மாறுவதைக் காண்பீர்கள். புவியீர்ப்பு பேலன்ஸ் சக்கரத்தின் மீதும், அச்சு முனைகளின் உராய்வின் மீதும் வெவ்வேறு விதமாக வேலை செய்வதே காரணம். பிழை முந்தும் பக்கமா பிந்தும் பக்கமா என்று தெரிந்துகொண்டால், இரவில் அதைச் சரிக்கட்டும் நிலையில் வைத்து, செலவே இல்லாமல் கடிகாரத்தை ஓரளவு திருத்திக்கொள்ளலாம்.